டங்கன் சாருக்குக் கொரிய மொழி தெரியாது

— சிரிச்சீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.

— சிரிச்சேன் மேடம்.

— எவ்வளவு நேரம்?

— ரெண்டாவது மாடி தாண்டும்போது ஆரம்பிச்சது. இங்கன மூணாவது மாடியில லிஃப்ட் கதவு தொறக்குத வரைக்கும் நிக்கல. அடக்கித்தான் பாத்தேன், மூக்கு வழியா வந்துட்டு.

— என் தலையெழுத்து. கூட யார் யார் இருந்தாங்க?

— தான்பி அம்மாவும் உஜு அம்மாவும். நான் எப்பவும் போல மூலையில செவரப் பாத்துத்தான் நின்னேன்.

— அவங்க பேசினது நம்ம பாஷையில. நீங்க சிரிச்சது அவங்க பேச்சுக்கு. பச்சக் குழந்தைக்குக்கூடப் புரிஞ்சுடும் டங்கன் சார், உங்களுக்குக் கொரிய மொழி தெரியும்னு. கீழ வாசல்ல நான் என்ன போர்டு மாட்டி வச்சிருக்கேன்? சொல்லுங்க பாப்போம்.

— "எங்கள் நியூசிலாந்து ஆசிரியருக்குக் கொரிய மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. உங்கள் குழந்தை ஆங்கிலத்தில் பேசியே ஆக வேண்டும்."

— மஞ்சள் கலர்ல, கொட்டை எழுத்துல. அந்த ஒரு போர்டைப் பாத்துத்தான் அஞ்சாவது மாடி டியூஷனை விட்டுட்டு இருபத்தோரு பிள்ளைங்க என்கிட்ட வந்தாங்க. நீங்க மூக்கு வழியா சிரிச்சு அத்தனையையும் கவுத்துட்டீங்க.

— தப்புதான். ஆனா நான் படுத பாடு உங்களுக்குத் தெரியாது மேடம். உஜு வகுப்புல என்னப் பாத்து மண்டையன், மண்டையன்னு சொல்லுதான். நான் 'வெரி குட்'ங்கேன். அன்னைக்கு மார்க்கெட்டுல மீன் வாங்கப் போனா பின்னாலயே உஜு அப்பா நிக்காரு. மீன் தலைய வெட்டிட்டுத் தாங்கன்னு வாயத் தொறந்து கேக்க முடியல. என் கழுத்துலயே கைய வச்சு இழுத்துக் காட்டினேன். கடைக்காரரு பயந்து நாலு எட்டு பின்னால போயிட்டாரு.

— அப்படித்தான் இருக்கணும். அதுக்குத்தான் உங்களை வச்சிருக்கேன்.

— ஆறு வருசமா இந்த நாட்டுல இருக்கேன்லா. அதுல நாலு வருசம் மோக்போ தொறமுகத்துல, மீன் சூப்புக் கடை மாடியில குடியிருந்தேன். கடைக்கார அக்கா பேசுததக் கேட்டுக் கேட்டு பாஷை தானா ஒட்டிக்கிட்டு. அத இப்ப எங்கன கொண்டுபோயிக் கழட்டி வைக்க?

— அந்த அக்காவைத்தான் நான் தினம் திட்டறேன். கத்துக்கிட்டதுதான் கத்துக்கிட்டீங்க, அழகா சியோல் பேச்சா கத்துக்கிட்டிருக்கக் கூடாதா? நீங்க வாயைத் தொறந்தா மீன் ஏலம் போடற மாதிரி இருக்கு. பிள்ளைங்க காதுல விழுந்தா இங்கிலீஷும் வராது, இருக்கற பேச்சும் கெட்டுப்போகும்.

— என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க மேடம். அக்காவ ஒண்ணும் சொல்லாதிய.

— சரி, சரி. அப்படி என்னதான் பேசினாங்க, சிரிக்கறதுக்கு?

— அது வேண்டாம்.

— என்ன வேண்டாம்? லிஃப்ட்ல கேக்கறதையெல்லாம் சாயங்காலம் காப்பி குடிச்சுக்கிட்டே என்கிட்ட ஒப்பிக்கிறீங்கல்ல? கழிப்பறை நாறுதுன்னு அம்மாக்கள் பேசிக்கிட்டாங்கன்னீங்க. மறுநாளே ஆள் வச்சுக் கழுவினேன். ஒரு நாளைக்கு அம்பது வார்த்தை மனப்பாடம் ஜாஸ்தின்னு பேசிக்கிட்டாங்கன்னீங்க, முப்பதா கொறச்சேன். வேன் டிரைவர் மேல சிகரெட் நாத்தம்னீங்க, இப்ப அவர் வாயில எப்பவும் புதினா மிட்டாய்தான். அம்மாக்கள் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே மிரான் மேடம் எல்லாத்தையும் சரி பண்ணிடறாங்கன்னு இந்த அபார்ட்மெண்ட் பூரா எனக்குப் பேரு. எப்படித்தான் தெரியுதோன்னு அஞ்சாவது மாடிக்காரி மண்டைய உடைச்சுக்கறா. எல்லாம் உங்க காது பண்ற வேலை. இத மட்டும் எதுக்கு மறைக்கறீங்க?

— கேட்டா வருத்தப்படுவிய.

— நான் ரெண்டு ஆம்பளைப் பிள்ளைங்களைப் பெத்து வளத்தவ. எதுக்கும் அசைய மாட்டேன். சொல்லுங்க.

— ஆண்டு விழாவுல நீங்க பாடினியள்லா?

— ஆமா. எல்லாரும் எழுந்து நின்னாங்க.

— நீங்க உச்சத்துக்குப் போனப்ப கீழ நின்ன மூணு காருலயும் ஒண்ணா அலாரம் அடிச்சிருக்கு. அவிய எழுந்திரிச்சது பாட்டுக்கு இல்லையாம், யாரு காருன்னு பாக்கவாம்.

— இதுக்கா சிரிச்சீங்க?

— இதுக்கு இல்ல மேடம். உஜு அப்பா சாவிய எடுத்துக்கிட்டு ஓடினத உஜு அம்மா லிஃப்டுக்குள்ளயே ஓடிக் காட்டினாவ. அதுக்கு.

— இதை எத்தனை நாளா பேசறாங்க?

— மூணாவது தடவ. மொத ரெண்டு தடவையும் 'அடுத்த வருசமாவது மேடம் பாடாம இருந்தா நல்லாருக்கும்'னுதான் சொன்னாவ. நான் உங்க காதுல போடல. பாடும்போது உங்க மூஞ்சியில ஒரு சந்தோசம் இருக்கும். அத எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.

— ம். அத நான் அப்புறம் பாத்துக்கறேன். இப்ப நான் சொல்ல வந்தது வேற. உக்காருங்க. பிப்ரவரியோட உங்க ஒப்பந்தம் முடியுது.

— ஆமா, புதுப்பிக்கணும்லா. எங்கன கையெழுத்துப் போட?

— போட வேண்டாம்.

— என்ன மேடம் சொல்லுதிய?

— சனிக்கிழமை ஏஜென்சி மூலமா ஒரு பையனை வீடியோல பாத்தேன். அயர்லாந்து. நாம தினம் சாப்பிடற கிம்ச்சி எந்த ஊருன்னு கேக்கறான். நம்ம பாஷைல ஒரு எழுத்துகூடத் தெரியாது. சோதிச்சுப் பாக்கலாம்னு 'நீ ஒரு கழுதை'ன்னேன். 'தேங்க்யூ'ன்னான். அப்படி ஒரு ஆள்தான் எனக்கு வேணும்.

— அப்ப நான்?

— உங்களுக்கு என்ன, வேற ஊர்ல எங்கயாவது வேலை கிடைக்கும். இல்லேன்னா உங்க நாட்டுக்கே போய் நிம்மதியா இருங்க.

— அங்க எனக்கு யாரு இருக்கா? எங்க அப்பா இருக்காரு. மாசத்துல ஒரு நாள் போன் பண்ணி அங்க மழை உண்டான்னு கேப்பாரு. உண்டுன்னா, சரின்னு வச்சிருவாரு. இங்கன ஞாயித்துக்கிழமை ஆனா மலை ஏறக் கூப்பிட எட்டு பெருசுக இருக்காவ. பொதுக் குளியல் கூடத்துல முதுகு தேச்சு விடுத அண்ணாச்சி இருக்காரு, நான் ஒரு வாரம் போகலைன்னா உடம்புக்கு என்னன்னு கேப்பாரு. ரெண்டாங்கிளாஸ் பிள்ளைக இப்பத்தான் முழுசா ஒரு வரி பேசுதுக. எனக்கு இதான் மேடம் ஊரு. நான் போக மாட்டேன்.

— எனக்கு மட்டும் அனுப்பணும்னு ஆசையா? உங்க மூஞ்சி அப்படி. உள்ள ஓடறதெல்லாம் வெளிய தெரியுது. வியாழக்கிழமை சிரிச்சீங்க, நாளைக்கு அழுவீங்க. விஷயம் வெளிய வந்தா பிள்ளைங்க மொத்தமும் அஞ்சாவது மாடிக்குப் போயிடும். நான் கடைய இழுத்து மூடிட்டு வீட்டுல உக்கார வேண்டியதுதான்.

— ஒரே ஒரு வாய்ப்பு குடுங்க. இனிமே செவரு மாதிரி இருப்பேன்.

— இருப்பீங்களா? அப்ப இன்னிக்கே தெரிஞ்சுடும். ஒரு மணிக்கு தான்பி அம்மா வராங்க. 'டங்கன் சார் விஷயமா பேசணும், அவரும் இருக்கட்டும்'னு காலையில போன் பண்ணினாங்க. அவங்கதான் இங்க இருக்கற அம்மாக்களுக்கெல்லாம் தலைவி. உங்களைச் சோதிக்கத்தான் வராங்க, வேற எதுக்கு? அவங்க முன்னாடி ஒண்ணும் புரியாத மாதிரி உக்காந்து காட்டுங்க, அயர்லாந்துப் பையனை வேண்டாம்னு சொல்லிடறேன்.

— சத்தியமா?

— சத்தியமா. இப்ப ஒத்திகை. மூஞ்சிய நேரா வைங்க. டங்கன் சார், உங்க மூக்கு நேத்து அவிச்ச உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு. நல்லது, அசையலை. போன வருஷத்துக்கு உங்க தலைமுடி பாதி கொட்டிப்போச்சு. கை ஏன் தலைக்குப் போகுது? கீழ போடுங்க. அடுத்தது. எங்க வீட்டுக்காரர் ஊர்லேருந்து நல்லா ஊறின திருக்கை மீன் வந்திருக்கு. டப்பாவத் தொறந்தாலே மூக்கு எரியுது. கூட வேகவச்ச பன்னிக்கறி, பழைய கிம்ச்சி.

— மேடம்...

— எச்சில் முழுங்கறீங்க. தோத்துட்டீங்க.

— திருக்கைக்குப் பேர்போன மோக்போவுல இருந்தவனுக்கு அத வச்சா சோதிப்பாவ? இது அநியாயம்லா.

— பேசாதீங்க, லிஃப்ட் சத்தம் கேக்குது. செவரு, ஞாபகம் இருக்கட்டும். வாங்க, வாங்க தான்பி அம்மா. அங்கேயே உள்ள போடற செருப்பு இருக்கு, மாட்டிக்கிட்டு வாங்க. இந்தக் குளிர்ல இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க.

— எதிர் பிளாக்தானே மேடம், என்ன தூரம். அட, டங்கன் சாரும் இருக்காரா. சாப்பிட்டீங்களா சார்?

— ஹலோ.

— பாருங்களேன், சாப்பிட்டீங்களான்னு கேட்டாக்கூடத் தெரியலை. பாவம்.

— சுத்தமா தெரியாது தான்பி அம்மா. ஆறு வருஷமா, இல்ல, ரெண்டு வருஷமா இருக்காரு, குடிக்கத் தண்ணி கேக்கத் தெரியாது.

— அதுவும் நல்லதுதான். புரியாதவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு மனசுல இருக்கறதைத் தைரியமா பேசலாம். மொதல்ல உங்களுக்கு நன்றி சொல்லணும் மேடம். இப்படி ஒரு டியூஷனை நான் பாத்ததே இல்லை. நாங்க மனசுல ஒண்ணு நினைச்சா மூணாம் நாள் இங்க அது நடந்துடுது.

— அது என்னமோ எனக்கு ஒரு உள்ளுணர்வு. பெத்தவங்க மூஞ்சியப் பாத்தாலே தோணிடும்.

— நாங்களும் அதைத்தான் பேசிக்குவோம். மிரான் மேடத்துக்கு என்ன உள்ளுணர்வு பாருங்களேன்னு.

— காப்பி கலக்கட்டுமா?

— வேண்டாம் மேடம். சார் சங்கதிக்கு வரேன். எங்க தான்பி முன்னாடியெல்லாம் இங்கிலீஷ் வகுப்புன்னாலே வயித்து வலின்னு சுருண்டு படுத்துக்குவா. மூணு டியூஷன் மாத்திப் பாத்தேன். இப்ப லீவு நாள்லகூடப் பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நிக்கறா. ஏண்டின்னு கேட்டா, 'சாருக்கு நம்ம பாஷை தெரியாதும்மா, பேச ஆளில்லாம இருப்பாரு, நான் இங்கிலீஷ் பேசினாத்தான் அவருக்குத் துணை'ங்கறா. ஏழு வயசு மேடம். அவருக்காகவே கத்துக்கறா.

— நல்ல பிள்ளை.

— என்ன, சார் கண்ணு கலங்குதே?

— அது ஹீட்டர். காத்து வறண்டு கிடக்கு, அவருக்கு ஒத்துக்காது.

— மூக்கையும் உறிஞ்சறாரே.

— ஜலதோஷம். ஒரு வாரமா இருக்கு.

— வியாழக்கிழமை லிஃப்ட்ல எங்களோட வந்தப்ப நல்லாத்தானே இருந்தார். சிரிச்சுக்கிட்டே வந்தாரே.

— அது அவங்க ஊர்ப் பழக்கம். லிஃப்ட்ல ஏறினா சிரிக்கணும். சிரிக்கலைன்னா கூட வரவங்களுக்கு மரியாதைக் குறைச்சல்.

— அப்படியா, நல்ல பழக்கம்தான். சரி மேடம், சுத்தி வளைக்கலை. சாரைப் பத்தி ஒரு சேதி எங்க காதுக்கு வந்தது. நேத்து அம்மாக்கள் எல்லாம் உக்காந்து பேசினோம். அது நிஜமா இருந்தா, பதினேழு பேரும் இருபத்தோரு பிள்ளைங்களையும் நிறுத்திடறதுன்னு முடிவாயிடுச்சு.

— பதினேழு பேருமா?

— உஜு அம்மாதான் மொதல்ல கை தூக்கினாங்க. எதுக்கும் உங்க வாயால கேட்டுடலாம்னு என்னை அனுப்பினாங்க. மறைக்காம சொல்லுங்க, அந்தச் சேதி நிஜமா?

— தான்பி அம்மா, ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு நிதானமா...

— நிஜமா இல்லையா மேடம்?

— நிஜம்தான். இவருக்கு நம்ம பாஷை தெரியும்.

— மேடம், நான் செவரு மாதிரித்தான இருந்தேன்? நீங்களே போட்டு உடைச்சிட்டியளே.

— நீங்க சும்மா இருங்க, எல்லாம் முடிஞ்சுபோச்சு. பாத்தீங்கல்ல தான்பி அம்மா, வாயைத் தொறந்தா மீன் சந்தை. ஆறு வருஷமா பேசறாரு. நீங்க லிஃப்ட்ல பேசினதையெல்லாம் கேட்டு வந்து என்கிட்ட சொன்னது இவர்தான். சொல்லச் சொன்னது நான். உள்ளுணர்வும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

— தான்பி அம்மா, மேடத்து மேல கோவப்படாதிய. என்ன பேசணுமோ என்னப் பேசுங்க, கேட்டுக்கிடுதேன். பிள்ளைகள மட்டும் நிறுத்திராதிய.

— கொஞ்சம் இருங்க சார். மேடம், நான் சொல்றதை...

— இல்லை, நான் முழுசா சொல்லி முடிச்சுடறேன். நீங்க யாரும் பயப்படவே வேண்டாம். இவரை அனுப்பிடறேன், வேற ஆளும் பாத்தாச்சு. மார்ச்லேருந்து அயர்லாந்துக்காரப் பையன் வரான். அவனுக்குச் சத்தியமா ஒரு வார்த்தை தெரியாது. நீங்க அவன் காதுக்குள்ள போய்க் கத்தினாலும் ஏறாது.

— அப்ப நாங்க கேள்விப்பட்டது சரிதான்.

— அதான் ஒத்துக்கிட்டேனே, பாஷை தெரியும்னு.

— பாஷை விஷயம் இல்லை மேடம். உஜுவோட சித்தி அந்த ஏஜென்சிலதான் வேலை பாக்கறாங்க. டங்கன் சாரை அனுப்பப் போறீங்கங்கறதுதான் எங்களுக்கு வந்த சேதி.

— அவரை அனுப்பினா உங்களுக்கு என்ன கஷ்டம்?

— என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? கழிப்பறை நாறுது, மனப்பாடம் ஜாஸ்தின்னு உங்ககிட்ட நேர்ல சொல்ல எங்களுக்கு வாய் வருமா? ஒரு வார்த்தை புரியாத பையனைக் கொண்டுவந்து வச்சீங்கன்னா, இனிமே நாங்க லிஃப்ட்ல யார்கிட்டதான் சொல்றது?