எமில் குபேனாவின் கடலைக்காடு

காட்டுப்பன்றிக்குக் காய்ந்த மக்காச்சோளத்தைவிட ஊறிப் புளித்த மக்காச்சோளம்தான் பிடிக்கும். வாளியில் கொட்டி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் ஸ்ட்ராபெரி ஜெல்லிப் பொடியைத் தூவி, வெயிலில் சில நாள் மூடி வைக்க வேண்டும். திறக்கும்போது நமக்குக் குமட்டும். பன்றிக்கு எங்கோ ஓடைக்கு அந்தப் பக்கம் வாய் ஊறும். அந்த வாளி கார் ஷெட் பக்கம் வரவே கூடாது என்று என் மனைவி வனெட்டா சொல்லிவிட்டாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், துணை ஷெரிஃப் டிரெவினோ மேடம், நீங்கள் டல்லாஸில் வளர்ந்தவர் என்று கேள்விப்பட்டேன். உங்கள் அறிக்கையில் எமில் குபேனா பன்றி பிடிக்கும் பட்டிக்குள் தற்செயலாக அகப்பட்டு இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் ‘தற்செயலாக’ என்ற சொல்லைத் திருத்தத்தான் இன்று வந்தேன். மற்றபடி அறிக்கை நன்றாகவே இருக்கிறது.

நான் ஹூஸ்டனில் பல் மருத்துவர்களுக்கு நாற்காலி விற்றுக்கொண்டிருந்தவன். ஓய்வு பெற்றதும் இங்கே ஓடைக்கரையில் நிலம் வாங்கினேன். பொழுதுபோக்காகத்தான் வேட்டைக்கு இறங்கினேன். அப்போது இந்த வட்டாரத்தில் பன்றி பிடிப்பவர்கள் சாதி பிரித்துக்கொண்டதுபோல் இருந்தார்கள். நாய்க்காரர்கள் ஒரு கூட்டம், துப்பாக்கிக்காரர்கள் ஒரு கூட்டம், பட்டி வைப்பவர்கள் ஒரு கூட்டம். விஷம் வைக்கலாம் என்று சொன்ன ஒரே ஆளோடு யாரும் பேசுவதில்லை. தீவனக் கடையில் காபி குடிக்கும்போதுகூடத் தனித்தனி பெஞ்சு.

“உக்காந்த எடத்துல போனைத் தட்டிப் பன்னி புடிக்கிறதெல்லாம் ஒரு வேட்டையாய்யா?” என்பார் நாய்க்காரர்.

“ஒன் நாய்க்குத் தையல் போட்ட நேரத்துல நான் நாலு பட்டி கட்டியிருப்பேன்” என்பார் பட்டிக்காரர்.

நான் எந்தப் பெஞ்சிலும் உட்காரவில்லை. நாற்காலி விற்றவனுக்கு எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கத் தெரியும். என் யோசனை எளிமையானது. இரை வைத்தால் கூட்டம் சேரும். கேமரா அதைக் காட்டும். எண்ணிக்கை நிறைந்ததும் கைப்பேசியைத் தொட்டால் பட்டியின் கதவு விழும். தப்பியதை நாய் தேடும். நாய்க்கும் தப்பியதைத் துப்பாக்கி பார்த்துக்கொள்ளும். அதற்கும் தப்பி ஒளிந்துகொள்வதைக் கண்டுபிடிக்க ஒரு பெட்டைப் பன்றி. அதன் கழுத்தில் இருப்பிடம் காட்டும் பட்டையைக் கட்டி விட்டுவிடுவோம். பன்றிக்குத் தனிமை ஆகாது. அது எப்படியும் தன் இனத்தைத் தேடிப் போய்ச் சேரும், நாம் பின்னால் போவோம். இந்த மாதிரிப் பன்றிக்கு எல்லோரும், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் பெயரை வைத்தார்கள். எனக்கு அது அநாகரிகமாகப் பட்டது. நான் அவளை வெல்மா என்று கூப்பிட்டேன்.

லூதரன் தேவாலயக் கூடத்தில் ‘ஒருங்கிணைந்த பன்றி மேலாண்மை’ என்ற தலைப்பில் படம் போட்டு விளக்கினேன். நாய்க்காரரும் பட்டிக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே தட்டிலிருந்து சுட்ட மாட்டு நெஞ்சுக்கறி சாப்பிட்டார்கள். பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒரு கேடயமும் தொப்பியும் கொடுத்தார்கள். நாற்காலி விற்ற காலத்தில் எனக்கு ஒருவரும் தொப்பி கொடுத்ததில்லை.

என் முறை பலித்தது. சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது.

ஓடையின் இரு கரையிலும் வெல்மாவைத் தவிரப் பன்றி இல்லாமல் போயிற்று. பக்கத்து நிலத்துக்காரர் எமில் குபேனாதான் அதிகம் மகிழ்ந்தவர். செக் வம்சாவளி, மூன்று தலைமுறையாக நிலக்கடலை. ஒரு முழங்காலை மாற்றி உலோகம் வைத்திருந்ததால் வண்டியிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார். அந்த அறுவடை முடிந்ததும், அவர் மனைவி லோரீன் சுட்ட கொலாச்சே ரொட்டி ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு வந்தார். நடுவில் ஆப்ரிகாட் பழக்கூழ் வைத்தது.

“எங்கப்பா காலத்துக்கப்புறம் இப்பதான்யா முழுக்காட்டையும் பிடுங்கியிருக்கேன்” என்றார். “ராத்திரி நிம்மதியாத் தூங்குறேன். லோரீன்தான் என் கொறட்டையைத் தாங்க முடியலேங்கிறா.”

நானும் சிரித்தேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கொலாச்சே எனக்கு இறங்கவில்லை. இருட்டிலும் உடல்சூட்டைக் காட்டும் என் தொலைநோக்கி பெட்டிக்குள் கிடந்தது. நாய்கள் சோபாவுக்குக் கீழே படுத்துக் கொழுத்தன. தேவாலயக் கூடத்தில் என்னை அடுத்துப் பேசக் கூப்பிட்டபோது, படம் போட என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை. அந்த மாதம் கரையான் மருந்து விற்கும் ஒருவர் பேசினார். அவருக்கும் தொப்பி கொடுத்தார்கள்.

“இனிமேலாவது கோல்ஃப் ஆடப் போங்களேன்” என்றாள் வனெட்டா. “எல்லாரும் அதானே செய்றாங்க.”

அதனால்தான் பக்கத்து மாவட்டத்து ஆள் ஒருவரிடம் உயிரோடு சில பன்றிகள் வாங்கினேன். பெரும்பாலும் பெட்டைகள், ஒரு பெரிய ஆண். டிரெய்லரில் கொண்டுவந்து ஓடையின் நாணல் புதரில் இறக்கிவிட்டேன். இதில் பெரிதாகத் தவறு ஒன்றும் இருப்பதாக எனக்குப் படவில்லை, மேடம். தூண்டில் போடுபவர்களுக்காக அரசாங்கமே ஏரியில் மீன் விடுகிறது. யாரும் போய்ப் புகார் கொடுப்பதில்லை. ஒவ்வொன்றின் காதிலும் சின்னதாக ஒரு துளை குத்தினேன். எது என்னுடையது, எது தானாக வந்தது என்று தெரிய வேண்டுமல்லவா? பொழுதுபோக்காக இருந்தாலும் எதையும் முறையாகச் செய்துதான் எனக்குப் பழக்கம்.

ஓடை எமிலின் கடலைக்காட்டை ஒட்டிப் போகிறது என்பது உண்மைதான். ஓடையை நான் வெட்டவில்லை.

அடுத்த விதைப்பில் எமில் என் வீட்டு வாசல்படியில் வந்து உட்கார்ந்தார். உள்ளே வரச் சொன்னதற்குப் பூட்ஸில் சேறு இருக்கிறது என்றார்.

“நூல் புடிச்ச மாதிரி வரிசையிலேயே போயிருக்கு, லெலண்ட். ஒரு விதை விடல. நான் மெஷின்ல போட்டுக்கிட்டே போனேன், அது பின்னாலயே தின்னுக்கிட்டே வந்திருக்கு.” பூட்ஸ் சேற்றைப் படியின் விளிம்பில் வழித்தார். “மறுபடி விதைச்சுத்தான் பாக்கணும். இல்லேன்னா வித்துட்டு மகன் வீட்டுக்குப் போயிடலாம்னு லோரீன் சொல்றா. அபார்ட்மென்ட்டு. மூணாவது மாடி.”

எனக்கு மனம் கஷ்டமாக இருந்தது. அதே சமயம், பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

உடனே உதவிக்கு இறங்கினேன். என் செலவில் அவர் நிலத்திலேயே பட்டி கட்டினேன். ஆள் உயரத்துக்கு மேல் கம்பி வலை, மேல்விளிம்பு உள்நோக்கி வளைந்தது. பிடித்ததில் ஆண்குட்டிகளைச் சுட்டேன், பெட்டைகளில் நல்லதாகப் பார்த்து நாணல் பக்கம் விட்டேன். விதைநெல்லை யாராவது தின்பார்களா? எமில் ஒவ்வொரு முறையும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தீவனக் கடையில் என்னைத் தேடி மறுபடியும் ஆட்கள் வந்தார்கள்.

எமிலின் பிக்கப் வண்டியில் ஒரு பன்றி அடிபட்டுச் செத்த அன்றுதான் எல்லாம் திரும்பியது. அதன் காதை அறுத்து ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்து என் சமையலறை மேசையில் வைத்தார்.

“காட்டுல திரியிற பன்னிக்கு யாருய்யா காது குத்துனது?” என்றார்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பக்கத்துப் பண்ணையிலிருந்து தப்பி வந்திருக்கலாம் என்றேன். பேசிக்கொண்டே காபி ஊற்றினேன், அது கோப்பைக்கு வெளியே போனது. எமில் அதைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“பன்னிக்குக் குத்துனது போதும், லெலண்ட். எனக்கும் குத்தாத.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் வேறு மாதிரி முடிந்திருக்கலாம். அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“சனிக்கிழமை சர்ச் கூட்டத்துல நீயே எந்திரிச்சுச் சொல்லிடு. நான் சொன்னா ஒனக்கு அசிங்கம். நீயே சொன்னா ஊரு நாலு நாள் பேசும், அப்புறம் விட்டுடும். நான் இப்பவே விட்டுட்டேன், போ.”

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப் பார்த்து, மேசையில் ஒரு காதை வைத்துவிட்டு, மன்னித்தேன் என்று சொல்வது எவ்வளவு பெரிய அகம்பாவம். எனக்குக் கோபம் வரவில்லை. வேட்டையில் கோபத்துக்கு இடமில்லை. ஆனால் கூட்டத்தில் அந்தத் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வட்டாரமே ஒன்றுசேர்ந்தது என் முறையை நம்பித்தான். அது உடைந்தால் நாய்க்காரர் ஒரு பெஞ்சு, பட்டிக்காரர் ஒரு பெஞ்சு என்று பழையபடி ஆகிவிடும். பொதுநலம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். நீங்கள் சொன்னதுதான் சரி, நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். அதற்கு முன்னால் வெள்ளிக்கிழமை மிச்சமிருக்கிற பன்றிகளையும் பிடித்துவிட்டால், வெறுங்கையோடு நிற்காமல் கொஞ்சம் கௌரவமாக நிற்கலாம், உதவிக்கு வர முடியுமா என்றேன். அவர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? எந்தப் பிராணிக்கும் ஓர் இரை உண்டு. எமிலுக்கு அது சமாதானம்.

“இதுக்குப் போயி கேக்கணுமா? சாண்ட்விச் கொண்டாறேன்” என்றார்.

வெள்ளிக்கிழமை மதியம் நல்ல வெயில். புளித்த சோள வாளியைப் பட்டிக்குள் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னேன். கேமராவில் சேறு, அதையும் துடைத்துவிடுங்கள் என்றேன். அந்த உலோக முழங்காலோடு அவர் மெதுவாகத்தான் போனார். கையிலும் கால்சட்டையிலும் சோளத் தண்ணீர் சிந்தியிருக்கும். நான் நாய்களோடு ஓடையின் மேல்பக்கம் இருந்தேன். வெல்மாவின் கழுத்துப்பட்டை அவள் நாணலில் படுத்திருப்பதைக் காட்டியது. அந்தப் பெரிய ஆண் அவளை விட்டு நகராது என்று எனக்குத் தெரியும். நாய்களை அவிழ்த்தேன். ஓடைக்கரையிலிருந்து பட்டி வாசல்வரை இருபுறமும் வேலி போட்டிருந்தேன். துரத்தப்படுவது வேறு எங்கும் போக முடியாது. கைப்பேசியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். எமில் கைக்குட்டையால் கேமராவை நன்றாகத் துடைத்தார். படம் கண்ணாடி மாதிரித் தெளிந்தது. அவருக்குப் பின்னால் அந்த ஆண்பன்றி உள்ளே நுழைந்ததும் திரையைத் தொட்டுக் கதவை இறக்கினேன்.

இரை, பட்டை, நாய், வேலி, பட்டி, கேமரா. இவை எல்லாம் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று இசைந்து வேலை செய்தது அன்று ஒரு நாள்தான். அதைத்தான் நீங்கள் தற்செயல் என்று எழுதிவிட்டீர்கள்.

அவர் எனக்குப் போன் செய்தார்.

“லெலண்ட், கதவு விழுந்துடுச்சு. பெருசு ஒண்ணு உள்ள நிக்குது. தொறந்து விடுய்யா.”

“சிக்னல் சரியில்ல, எமில்” என்றேன். “கேக்கல.”

அது பொய். நன்றாகக் கேட்டது.

வலையில் ஏறப் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை. வளைந்த விளிம்பு பன்றிக்காகப் போட்டது, ஆனால் மனிதருக்கும் பயன்பட்டது. பன்றி இயல்பாக மனிதரைத் தேடிப் போய்த் தாக்குவதில்லை. பின்னால் நாய் நின்று குரைக்கும்போது, முன்னால் வழி இல்லாதபோது, அது என்ன செய்யும்? அதன் கோரைப்பல் தொடை உயரத்தில் இருக்கிறது. அதிக நேரம் ஆகவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது லோரீன் கட்டிக்கொடுத்த சாண்ட்விச் வண்டியின் முன்பக்கத்தில் அப்படியே இருந்தது.

பன்றியை ஒரே தோட்டாவில் முடித்தேன். அதற்கு வலித்திருக்காது. அந்த விஷயத்தில் நான் எப்போதும் கண்டிப்பு.

அடக்கத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். எமில் குபேனா நினைவுப் பன்றி ஒழிப்பு இயக்கம் என்று ஒன்று தொடங்கியிருக்கிறார்கள், அதற்கு நான்தான் தலைவர். நாய்க்காரர் மேடையிலேயே அழுதார். எல்லாம் முறையாகப் போய்க்கொண்டிருந்தது. உங்கள் அறிக்கையைப் படித்த பிறகுதான் மனம் ஒப்பவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த ஒரே முழுமையான வேலை அது, மேடம். அதைக் காற்றடித்துக் கதவு சாத்தியதுபோல எழுதியிருந்தீர்கள். இனி அந்த இடத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பெயர் லெலண்ட் ப்ரூவிட். கடைசியில் இரண்டு டி.

கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. காலையில் லோரீன் போன் செய்தார். கடலைக்காட்டில் மறுபடியும் பன்றி இறங்கிவிட்டதாம், அழுகிறார். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பாவம், அந்தம்மாவுக்கு இந்த ஊரில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?