சீனிப் பேணி

புஷ்பவதி: …அண்டைக்கு உன்ர மகள் றஹ்மா என்னட்டக் கேட்டது இப்பவும் காதுக்குள்ள நிக்குது, ஸாலிஹா. “மாமி, எங்கட உம்மா என்னத்தைக் களவெடுத்தவ? ஏன் அவவ வெளியில விடுறாங்க இல்ல?”

ஸாலிஹா: அல்லாஹ்… நீங்க என்ன சொன்னீங்க அக்கா?

புஷ்பவதி: வாப்பாவும் உம்மாவும் விலகியாச்சு, அதால உம்மா கொஞ்ச நாளைக்கு வீட்டுக்குள்ள இருக்கவேணும், பிறகு வெளியில வருவா எண்டன். “களவெடுத்த ஆக்களும் அப்படித்தானே மாமி வருவாங்க” எண்டாள்.

ஸாலிஹா: அவள்ற வாய் அடங்காது… அக்கா, இந்தத் துணியை ஒருக்கா இழுத்துப் பிடிங்க. மெசின்ல சுருங்குது.

புஷ்பவதி: நாளைக்கு நிக்காஹ், இண்டைக்கும் கலியாணப் பொம்பிளைதான் தைக்கிறாள். தள்ளு, நான் தைக்கிறன்.

ஸாலிஹா: வேணாம். போன தீபாவளிக்கு ஒரு சட்டைக் கையை மறுபுறமாத் தைச்சு வைச்சீங்க.

புஷ்பவதி: ஒருக்காத்தானே… சரி, பிடிக்கிறன். உன்னோட கூடப்பிறந்த நானா இண்டைக்கு எவ்வளவு சந்தோசமாப் பந்தல் போடுறார் பாத்தியோ? நோன்புக்கு முன்னம் இதே மனிசன்தான் நெருப்பா நிண்டவர்.

ஸாலிஹா: நானா பாவம் அக்கா. காதியார் விவாகரத்துத் தந்த நாள் தொடங்கி கலண்டர்ல பென்சிலால கீறிக்கொண்டு வந்தவர். தொண்ணூறு கீறு. முடிஞ்ச கையோட, மூதூருக்கு லோஞ்சுப் படகு ஓட்டுற ஜவாஹிர்ட வீட்டுக்குப் போய்ப் பேசி, வாற வெள்ளிக்கிழமை நிக்காஹ் எண்டு முடிவாக்கிட்டுத்தான் எனக்கே சொன்னவர்.

புஷ்பவதி: ஆம்பிளையள் நாளை எண்ணுவினம். மாசக் குளிப்பு மூண்டாந்தரம் வந்தாத்தான் உங்கட இத்தாக் காத்திருப்பு முடியும் எண்டு நீதானே சொன்னனி?

ஸாலிஹா: ஓம். எனக்கு மூணாவது வரல்ல. யோசனையில தள்ளிப் போயிட்டுது. அதை ஒரு நானாட்ட எந்த முகத்தோட சொல்றது? அதுவும் இதில பொம்பிளைட வாய்தான் சாட்சி. நான் முடிஞ்சுது எண்டா, காதியார்கூட மறுகேள்வி கேக்கமாட்டார்.

புஷ்பவதி: அப்ப பேசாமல் இருந்திடுவம் எண்டு… ஒருக்காலும் நினைக்கேல்லையோ?

ஸாலிஹா: நினைச்சனான். பொய் சொல்லமாட்டன். நோன்பு பிறக்கக் கொஞ்ச நாள்தான் இருந்தது. தள்ளிப் போனா பெருநாள் கழிச்சுத்தான். அதுக்குள்ள ஜவாஹிரோட கூடப்பிறந்த ராத்தா உம்மு குல்சும் கிண்ணியாவில வேற பொண்ணு பாத்து வைச்சிருந்தவ. கொழும்புக்குப் போன புருசன் எங்க எண்டே தெரியாம ரெண்டு வருசம் இருந்தவள் நான். வாயை மூடினா ஒரு நல்ல மனிசன் கிடைப்பார்… ஆனா இத்தா முடியாமச் செய்யிற நிக்காஹ் நிக்காஹே இல்ல. மறுமையில நானாட கலண்டரையா காட்டுறது?

புஷ்பவதி: அதுக்குத்தான் என்ர மடியில விழுந்து அழுதனி.

ஸாலிஹா: உங்களுக்கு மட்டும்தான் சொன்னனான். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணுங்க எண்டு கேட்டனான்.

புஷ்பவதி: கேட்டனி. நான் பண்ணேல்லை. தேத்தண்ணி போட உன்ர அடுப்படிக்கு எழும்பிப் போயிட்டன்.

ஸாலிஹா: அதைத்தான் நானும் பிறகு யோசிச்சன்… அடுத்த நாள் பாத்தா ஜவாஹிர்ட லோஞ்சு பழுது. இறங்குதுறையில கட்டிக் கிடக்கு. எஞ்சின் சரி வராம நிக்காஹுக்கு வரமாட்டன் எண்டு சொல்லி அனுப்பிட்டார்.

புஷ்பவதி: உன்ர நானா துள்ளின துள்ளு… “அப்ப அந்த எஞ்சினையே கட்டட்டும்” எண்டவர்.

ஸாலிஹா: மூதூருக்குப் போற சனமெல்லாம் சிரிச்சது. எஞ்சின் மாப்பிள்ளை எண்டு பேரும் வைச்சாச்சு. அவர்ட ராத்தாவும் இதுதான் சாட்டு எண்டு கிண்ணியாக் கதையை எடுத்தவ. அவர் மசியல்ல. பதினொரு நாள் உழைப்பில்லாம, ஏச்சு முழுக்க அவர் வாங்கினார். என்ர பேர் ஒரு இடத்திலயும் வரல்ல.

புஷ்பவதி: எஞ்சின் எண்டாப் பழுதாகும்தானே.

ஸாலிஹா: ஓம் அக்கா. எனக்கு மூணாவது வந்திட்டுது எண்டு உங்களுக்குச் சொன்ன அடுத்த நாள் விடிய, தானாத் திருந்தவும் செய்யும்.

புஷ்பவதி: …துணியைப் பார். கோணலாப் போகுது.

ஸாலிஹா: நேராத்தான் போகுது. சொல்லுங்க.

புஷ்பவதி: சரி. நாளைக்கு அவர்ட மனிசி ஆகப்போறாய், இனி என்ன மறைப்பு… நான்தான் போனனான். “பொம்பிளைக்கு இன்னும் நாள் முடியேல்லை தம்பி” எண்டு மட்டும் சொன்னன். மனிசன் தலையைக் குனிஞ்சுகொண்டு லோஞ்சுக்குள்ள இறங்கினார். கொஞ்ச நேரத்தால ஒரு சாமானைத் துணியில சுத்திக்கொண்டு வந்து தந்தார். “இது இல்லாம எஞ்சின் ஓடாது அக்கா. நீங்க வைச்சிருங்க. நாள் முடிஞ்ச பிறகு தாங்க. அதுவரைக்கும் பழி என்னோட இருக்கட்டும்” எண்டார்.

ஸாலிஹா: அந்தக் கத்தரிக்கோலைத் தாங்க, நூலை வெட்ட.

புஷ்பவதி: கோவமோ?

ஸாலிஹா: இல்ல அக்கா. உங்களுக்கு ஏன் இந்த அலைச்சல்?

புஷ்பவதி: என்ர தவராசா பிறந்து, நான் காய்ச்சலோட ஆஸ்பத்திரியில கிடக்க, பன்ரண்டு நாள் ஆர் அவனுக்குப் பால் குடுத்தது? என்ர மாமியாருக்குத் தெரிஞ்சா வீட்டில சண்டை வரும் எண்டு இண்டைவரைக்கும் நீ ஒருத்தருக்கும் வாய் திறக்கேல்லை. கோணேசர் சாமி அறிய, அதுக்கு ஈடா ஒருநாள் ஏதாவது செய்யவேணும் எண்டு ஏழு வருசம் காத்திருந்தனான்.

ஸாலிஹா: அதெல்லாம் கணக்கில வைக்கிறதா…

புஷ்பவதி: ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லை. அந்தச் சாமானை என்ர குசினி அடுப்படியில வெறும் தகரச் சீனிப் பேணிக்குள்ளதான் ஒளிச்சு வைச்சனான். பிறகு நான் திறந்தும் பாக்கேல்லை. திருப்பிக் குடுக்க, ஜவாஹிர் துணியை அவிழ்த்துப் பாத்திட்டு, “ஆரக்கா இதைத் துடைச்சு எண்ணெய் பூசினது?” எண்டு கேக்கிறார்.

ஸாலிஹா: …நோன்பு ரெண்டாம் நாள் சீனி இரவல் வாங்கிவா எண்டு றஹ்மாவை அனுப்பினன். நீங்க கோயிலுக்குப் போயிருந்தீங்க. பேணி பாரமா இருக்கு எண்டு அவள் அதை அப்படியே தூக்கிட்டு வந்திட்டாள். எங்கட வாப்பாவும் லோஞ்சு ஓட்டினவர்தானே அக்கா, எஞ்சின் சாமான் எனக்குத் தெரியாதா. ஏன் அது உங்கட பேணிக்குள்ள கிடக்கு எண்டும் விளங்கிட்டுது. உப்புக் காத்துக்கு அங்கங்க துருப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. கதவைச் சாத்திட்டு, துடைச்சு, இந்த மெசின் எண்ணெயைத்தான் பூசினன். பிறகு இருந்த மாதிரியே சுத்தி, நீங்க வர முதல் கொண்டுபோய் வைக்கச் சொன்னனான். எனக்காக ஊர் ஏச்சு வாங்கின மனிசன்ர லோஞ்சு… திரும்ப ஓடக்குள்ள இருமக்கூடாதே.