ஒரு சொம்பு சிவப்புத் தண்ணி

பஞ்சாட்சரம்: ...பாத்துக்கினியா கெங்கம்மா? மருந்து கரைச்ச இந்தக் கெணத்துத் தண்ணி, முழு சொம்பும் குடிச்சிட்டேன். எனக்கு இன்னா ஆயிப்போச்சி?

கெங்கம்மாள்: மொகம் மட்டும் வெளக்கெண்ண குடிச்ச புள்ளையாட்டம் கீது, சாமி.

பஞ்சாட்சரம்: அது பொறவி மொகம். மருந்து மேல பழி போடாத.

கெங்கம்மாள்: கெணத்துத் தண்ணி செவசெவன்னு கீதே... குடிச்சா புள்ள பொறக்காதாமே?

பஞ்சாட்சரம்: எனக்கு ஆறு புள்ளைங்க.

கெங்கம்மாள்: இந்த மருந்து குடிக்கிறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?

பஞ்சாட்சரம்: ...முன்னால.

கெங்கம்மாள்: அதானே கேட்டேன்.

பஞ்சாட்சரம்: சிரி, நல்லா சிரி. பேரு சானிட்டரி இன்ஸ்பெக்டரு. பொழப்பு, கெணறு கெணறா மருந்தக் கரைச்சி நானே குடிக்கிறது. அறுப்பு முடிஞ்சி தோல் பதப்படுத்துற ஷாப்பு வேலைக்கு வந்தவங்கள்ல நாலு பேர வாந்திபேதி கொண்டுபோச்சி. வாராவாரம் மருந்து போட்டும் நிக்கல. மேலதிகாரிக்கு நான் இன்னா பதில் சொல்றது?

கெங்கம்மாள்: அத நான் இன்னா கண்டேன், சாமி.

பஞ்சாட்சரம்: இன்னா, வூட்டு வாசலையே திரும்பித் திரும்பிப் பாக்கற? உன் மருமவ எங்க?

கெங்கம்மாள்: உள்ள... படுத்துகினு கீறா.

பஞ்சாட்சரம்: பேதியா?

கெங்கம்மாள்: விடிஞ்சதுல இருந்து.

பஞ்சாட்சரம்: அடிப்பாவி, இத்தினி நேரம் எம் மொகத்தையா பாத்துகினு இருந்த? சொம்ப எடு. இந்தத் தண்ணியக் காய்ச்சி, உப்பு போட்டு...

கெங்கம்மாள்: அது வாணாம் சாமி.

பஞ்சாட்சரம்: நான் குடிக்கல?

கெங்கம்மாள்: நீங்க ஏன் வயித்தப் புடிச்சிகினு நிக்கிறீங்க?

பஞ்சாட்சரம்: ...சரி, சொல்லிடறேன். இந்த ஊருக்கு வந்து போனாலே வயிறு பேஜார். சுகாதாரம் சொல்ல வந்தவனுக்கே வயித்தாலன்னா ஆபீசுல மானம் போவும். அதான் மறைச்சேன். நீ இன்னாத்த மறைக்கிற?

கெங்கம்மாள்: சொன்னா பண்ணைக்காரரு ஆள வுட்டுக் கால ஒடிச்சிருவாரு.

பஞ்சாட்சரம்: என் காலையும் சேத்து ஒடிக்கட்டும். அவ பொழைக்கணும், சொல்லு.

கெங்கம்மாள்: நாங்க குடிக்கிறது, இருட்டோட போயி பண்ணைக்காரரு கெணத்துல திருடி மொண்டுகினு வர்ற தண்ணி. மருந்த அங்க போடுங்க. இதுல எங்க ஜனம் வாயே வெச்சதில்ல... இது ஆட்டுத்தோலு அலசுற கெணறு, சாமி.