வடக்கு மூலைக் கல்

– இன்னொரு தடவை சோதிச்சுப் பாரு, வாசு. ஒரே ஒரு தடவை.

– மூணு தடவை பாத்துட்டேன், பாய். நீங்க கொண்டாந்த தெற்குக் கல்லை ஆசிட்ல போட்டா சுண்ணாம்பு கரைஞ்சுடுது. கரையாம அடியில நிக்கிறதை எடை போட்டா, நூத்துக்குப் பதினாலு பங்கு. அத்தனையும் மணல் சத்து.

– பாக்க பால் மாதிரி வெள்ளையா இருக்கு லா!

– வெள்ளையா இருந்து என்ன செய்ய? ஈய உலையில சுண்ணாம்புக் கல்லு போடுறதே, மணலை இழுத்துக்கிட்டு கசடா ஓடத்தான். கல்லுலயே மணல் இருந்தா உலை அடைச்சுக்கும். எங்க துரை வாங்க மாட்டாரு.

– கேளு தம்பி. ஈப்போவுல ரயிலேறி, பிறை ஸ்டேஷன்ல இறங்கி, ஃபெர்ரி புடிச்சு வந்திருக்கேன். இந்தச் சீனி முகம்மது இதுவரைக்கும் யார்கிட்டயும் கெஞ்சினதில்ல. பதினாலை நாலுன்னு எழுதிடேன்.

– நான் எழுதினாலும் உலை காட்டிக் கொடுத்துடும், பாய். அப்புறம் எனக்கு வேலை போகும், உங்களுக்கு கான்ட்ராக்ட் போகும். ஏன் இப்படி பதறுறீங்க? உங்க மலையிலேயே நல்ல கல்லு இருக்கே.

– எங்க?

– போன வாரம் துரை அங்க வந்தாருல்ல? வடக்கு மூலையில சரிஞ்சு கிடக்குற கல்லுல ஒரு துண்டு உடைச்சுக் கொண்டாந்தாரு. அருமையான கல்லு. தொண்ணூத்தேழு பங்கு சுண்ணாம்பு.

– அதை யாரு சோதிச்சது?

– நான்தான். சோதனைக் காகிதமும் எழுதிட்டேன்.

– அந்தக் காகிதத்தைக் கொடு. துரை கைக்குப் போக வேணாம்.

– காலையிலயே போயிடுச்சு. படிச்ச கையோட ஈப்போவுக்குத் தந்தி அடிச்சாரு. இன்னைக்கே அங்க வெடி வைக்கணுமாம்.

– யா அல்லா!

– என்ன பாய்?

– அந்தக் கல்லுக்கு அடியில ஆளுங்க கிடக்குறாங்க, வாசு. ரெண்டு வருஷத்துக்கு முன்ன மலை சரிஞ்சு ஏழு பேரு மாட்டிக்கிட்டாங்க. மூணு நாளு தோண்டினோம். கல்லை அசைக்கவே முடியல. வெளியே தெரிஞ்சா மலையை மூடிடுவாங்கன்னு எங்க மேனேஜர் எல்லார் வாயையும் அடைச்சாரு. என் வாயையும்தான். அந்தப் பக்கம் ஒரு கடப்பாரை படாம இத்தனை நாளு காத்தேன். தெற்குக் கல்லு பாஸாகிட்டா வடக்குப் பக்கம் யாரும் போக மாட்டாங்கன்னுதான் உன்கிட்ட ஓடியாந்தேன்.

– செத்தவங்க வீட்டுக்காவது சொன்னீங்களா?

– வீட்டுக்கு ஒரு பொய் சொன்னோம்.

– இருங்க, நான் துரைகிட்ட போறேன். காலைப் புடிச்சாவது இன்னொரு தந்தி அடிக்கச் சொல்றேன்.

– எங்க மலையில தினமும் ரெண்டு மணிக்கு வெடி. அந்தக் கடிகாரத்தைப் பாரு, தம்பி.

– நாலாகுது.

– வெடிச்சு ரெண்டு மணி நேரமாச்சு.

– எனக்கு இதெல்லாம் தெரியாதே, பாய்! கொடுத்த கல்லைப் பொடிச்சு எடை போட்டேன், அவ்வளவுதான். இதை ஏன் என்கிட்ட வந்து சொல்றீங்க?

– உங்கண்ணன் பக்கிரிசாமி சயாமுக்கு ஓடிப்போயிட்டான்னு உங்கம்மாகிட்ட வந்து சொன்னது நான்தான், தம்பி.