தண்ணி நிக்கிற நேரம்

ஹலோ… ஹலோ, எர்ணாகுளம் ஹோட்டல்தானே? சேட்டா, அங்கம்மாளை ஒண்ணு விளிக்குமோ… அங்கம்மா, அடுக்களையில பாத்திரம் கழுவுற தமிழ்ப் பொண்ணு… நான் மட்டாஞ்சேரியிலேர்ந்து வீரலட்சுமி. அவ கூட்டுக்காரி… இல்ல சேட்டா, யாரும் மரிச்சிட்டில்ல. செத்தாத்தான் அவளுக்குப் போன் வரணுமா… ஆ, நிக்காம், லைன்லயே நிக்காம்.

…

ஏட்டி, நான்தான்… ஏன் இப்பிடி மூச்சு வாங்குற… எங்க அம்மா நல்லா இருக்கா. உங்க அம்மாவும் நல்லா இருக்கா. முதல்ல கையைத் துடை, ரிசீவர் வழுக்கி விழுந்திரப் போகுது.

எங்கேர்ந்தா? குடோன் ஆபீஸ்லேர்ந்துதான். மேனேஜர் ராமபத்ரன் சேட்டன் சோறு தின்னப் போயிருக்காரு. நான் இஞ்சி பொறுக்குறதை விட்டுட்டு அவரு நாற்காலியில உக்காந்திருக்கேன்… ஆமா, அந்தச் சுத்துற நாற்காலிதான். சுத்தியும் பாத்துட்டேன்.

கேளு. இன்னைக்கே சாடணும்… ஆமா, குதிக்கத்தான்… கடல்லதான், வேற எதுல. நாம சொல்லி வச்ச ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் இங்க இல்ல. நாளைக்கு அம்மா என்னைக் கோவில்பட்டிக்கு ரயிலேத்துறா. சித்தி வீட்டுல தங்கி, தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகணுமாம்… திரும்பி வர்றதா? அதைப் பத்திப் பேச்சே இல்ல. அங்க எதுலட்டி சாட? குடிக்கிற தண்ணியே வண்டியில வருது. நாம நீஞ்சிப் பழகின கிணறும் வத்திப்போச்சாம்.

ஏன் திடீர்னா… நேத்து ஒரு காரியம் பண்ணிட்டேன். சிரிக்கக் கூடாது. மீன் சந்தைக்குப் பின்னாடி ஒரு இடம் பாத்து வச்சேன்ல, முந்தின நாள் மத்தியானம்? தளும்பத் தளும்ப நின்னுச்சு. சாக்குச் சணல்ல கல்லைக் கட்டி விட்டும் பாத்தேன், அடியே தட்டல. சரி, காலம்பற ஆள் வர்றதுக்கு முன்னாடி சாடிரலாம்னு போனேன். கிணத்துல நீஞ்சின புத்தி, ராத்திரிக்குள்ள தண்ணி எங்க போயிரும்னு நினைச்சேன்… ஆமா, கண்ணை மூடிக்கிட்டுதான். முழங்காலுக்குத் தண்ணி, அதுக்குக் கீழ பூரா சேறு… நட்டு வச்ச வாழைக்கன்னு மாதிரி நிக்கேன்… சிரிக்காதன்னு சொன்னேன்ல. மீன்காரிக அவ்வளவு பேரும் கூடையை இறக்கி வச்சிட்டு வந்து பாக்குறாளுக. ஒருத்தி கேக்குறா, இங்கயே வேர் விடப் போறியா மோளேன்னு. துடுப்பை நீட்டித்தான் பிடுங்கி எடுத்தாங்க. ஒத்தச் செருப்பு இன்னும் உள்ளதான் கிடக்கு.

அம்மா பாவாடையைப் பாத்தா. வழுக்கி விழுந்தேன்னு சொன்னேன். கழுத்து வரைக்கும் வழுக்குமாட்டின்னு கேட்டா. நேத்தே டிக்கெட் எடுத்தாச்சு.

…ஆமா. ஆமா. உனக்கு வாக்குக் கொடுத்தேன், இல்லைங்கல. ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டு… அதுக்குத்தானே போன் பண்றேன். அடுத்த போட்டைப் பிடிச்சு வா… ஹோட்டல்ல கல்யாணச் சாப்பாடா? இன்னைக்கா… மாப்பிள்ளை வீட்டாளு வேறயா… அப்ப உன்னை எங்க விடப் போறாங்க.

இல்லட்டி, சேத்துப் பக்கம் போகவே மாட்டேன். போர்ட் கொச்சியில வலை போடுற பக்கமும் கேட்டுப் பாத்தேன். அந்த வலைக்காரரு சொல்றாரு, நீ வலையில விழுந்தா ஏலத்துல உன்னை யாரு எடுப்பான்னு. அதுவும் ஆகாது. போட்டு வந்து நிக்கிற ஜெட்டியும் வேண்டாம், போட்டுக்கு அடியில மாட்டிக்குவேன். நான் சொல்றது நம்ம குடோன் பின்வாசல்…

…அதே சார். சுக்கு உண்டு சார். நல்லாக் காஞ்சு உணங்கின சுக்கு. மேனேஜர் சோறுண்டு முடிச்சதும் விலை பறயாம் சார்… சிரிக்காத சார்… ஆலப்புழைப் பார்ட்டி, சேட்டா, விலை கேக்குறாரு. சேட்டன் போய்ச் சோறுண்டுட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்…

போயிட்டாரு. மேனேஜர்தான், வெத்திலைச் செல்லத்தை எடுக்க வந்தாரு. அங்க சோத்துக்கு மோரு ஊத்துற நேரம், இல்லாட்டி இங்கயே உக்காந்திருப்பாரு.

பின்வாசல் படிதான் சொன்னேன். மிளகு மூட்டை ஏத்துற வள்ளம் வந்து நிக்குமே, அங்க. அவ்வளவு மூட்டையோட வள்ளமே தரை தட்டாம நிக்குது, எனக்கு ஆழம் போதாதா. வள்ளக்காரர் வேலன் மாமா கழியை விட்டுத் துழாவிக் காட்டிட்டாரு, கல்லு இல்ல, கம்பு இல்ல. முதல்ல திட்டினாரு. அப்புறம், எப்பிடியும் நீ சாடத்தான் போற, நான் இருக்கும்போது சாடுன்னாரு. கழியோட கீழதான் நிக்காரு… தண்ணி ஏறுற ஏத்தம் முடிஞ்சு, இறங்குற வத்தம் தொடங்குறதுக்கு நடுவுல கடல் கொஞ்ச நேரம் அசையாம நிக்குமாம். அதுக்குள்ள சாடி, ஏறிடணும். இழுக்கத் தொடங்கிட்டா துறைமுக வாய்க்குக் கொண்டு போயிருமாம்.

ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டேதான் பேசுறேன். ஒரு தேங்காத் தொண்டு, உரிச்ச மட்டைதான், மிதக்குது… இல்ல, நகரல. நின்னுருச்சு.

ஏட்டி… ஏட்டி, அழுறியா? சும்மா இரு. நீ இல்லாமச் சாடினா எனக்கு மட்டும் நல்லாவா இருக்கும்… கோவில்பட்டின்னா வேற ஊரு, வேற ரயிலு, நீ நினைச்சா வர முடியாதுன்னு எனக்கும் தெரியும்… இனி எப்பன்னு என்னைக் கேட்டா நான் என்ன சொல்ல.

இரு. இரு, ஒரு வழி இருக்கு. ஜன்னலுக்கு நேர் கீழதான் படி. ரிசீவரை வெளியத் தொங்கவிடுறேன். நீ காதுல வச்சுக்கிட்டு அங்கயே நில்லு. ஒண்ணும் பேச வேண்டாம். மூச்சை மட்டும் பிடிச்சுக்க, நான் பிடிக்கும்போது நீயும்… தட்டு கிடக்கட்டும்ட்டி. யாரு கூப்பிட்டாலும் திரும்பாத. சரியா… சரி.

…

…

ஹலோ… இருக்கியா… நான்தான், மூக்குல தண்ணி… சாடிட்டேன். சாடிட்டேன்ட்டி… கண்ணைத் தொறந்துக்கிட்டுதான்… பச்சையா இருக்கு. கிணத்துல காலு போய்ப் பாறையில நிக்கும்ல, இங்க நிக்கவே இல்ல, கீழ இன்னும் கீழன்னு… உப்பு, அவ்வளவு உப்பு… யாரு? ராமபத்ரன் சேட்டனா? வாசல்லதான் நிக்காரு. தலையிலேர்ந்து காலு வரைக்கும் பாக்குறாரு. தரை பூரா குளமாக் கிடக்கு.

அதை விடு. சத்தம் எப்பிடிக் கேட்டுச்சு?… என்னது… ஹார்னா? அந்த நேரத்துலயா போட்டுக்காரன் ஹார்ன் அடிச்சான்… சாடின சத்தம் ஒண்ணுமே கேக்கலையா… மூச்சை மட்டும் பிடிச்சுக்கிட்டு நின்னியா, அவ்வளவு நேரமும்?

இரு, எட்டிப் பாக்கேன்… நிக்குது, தொண்டு இன்னும் அங்கேயேதான்.

வைக்காத. இன்னொருக்கச் சாடிட்டு வாரேன்.