டாஸின் பொட்டலம்

— ஒட்வார், ஷூவக் கழட்டுறதுக்கு முன்னாடி சொல்லுய்யா. டாஸ் இன்னிக்குப் படகுல அதோட ரொட்டிய முழுசாத் தின்னுச்சா?

— ரொட்டி தீந்துபோச்சு, குன்வோர்.

— தீந்துச்சான்னு கேக்கலய்யா. நாய் தின்னுச்சான்னு கேக்குறேன்.

— தாயே, நாள் பூரா படகுல டிக்கெட் குடுத்துட்டு வர்றேன். வாசல்லயே விசாரணையா?

— நாளைக்கு மாரித் கைக்குழந்தையோட வர்றா. 'பூச்சி மாத்திரை போடாத நாய் என் பிள்ளகிட்ட வரவே கூடாது'ன்னு உன் மக கறாராச் சொல்லிட்டா. பேத்தி மொகத்த நாம இன்னும் பாக்கலய்யா!

— அவ்ளோதானே? மாத்திரையக் குடு, இப்பவே போட்டுவிடுறேன்.

— காலையிலயே போட்டாச்சு. ஈரல் விழுது தடவின ரொட்டிக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன்.

— எந்த ரொட்டிக்குள்ள?

— டாஸ் பொட்டலத்துலதான். மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்திரைய அப்படித்தானே அனுப்புறேன். ராத்திரி என் தலகாணிலதான் படுக்குது, காலைல மூஞ்சிய நக்கித்தான் எழுப்புது. அது வயித்துப் பூச்சி நம்ம வயித்துக்கும் வந்துரும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல?

— என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன, தாயே?

— நீ பாவமா அதப் பாப்ப. அது ஒடனே துப்பிரும். ஏன்யா இப்படி முழிக்கிற?

— கோவப்படாதே. முப்பது வருஷமா எனக்குத் தினம் அதே பழுப்புச் சீஸ் ரொட்டி. நாய்க்கு மட்டும் வெண்ணெய், ஈரல், மேல வெள்ளரி ஊறுகா. மனுஷனுக்கு வயிறு எரியாதா?

— ஐயோ, நீ தின்னுட்டியா!

— மாத்திக்கிட்டோம். அதுக்குப் பழுப்புச் சீஸ்னா உசுரு.

— நாய் மாத்திரைய முழுங்கின மனுஷா! இரு, இரு, சிரிச்சு மூச்சு முட்டுது. இத மாரித்கிட்ட மொதல்ல சொல்லணும். சரி விடு, ஒரு தடவதானே. ஒனக்கு ஏதாவது ஆகுமான்னு டாக்டரம்மாகிட்ட கேட்டுக்குறேன்.

— ஒரு தடவ இல்ல, தாயே.

— பின்ன?

— நீ ஈரல் ரொட்டி குடுக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. ஆறு வருஷமாச்சு. அப்பப்போ கசக்கும். ஊறுகாதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்குவேன்.

— அப்போ டாஸுக்கு ஒரு மாத்திரகூட...

— ஒண்ணுகூட உள்ள போகல. ஏன் குன்வோர், சிரிப்ப நிறுத்திட்ட?

— ஒட்வார், மாரித்துக்கு இது தெரிய வேணாம்யா.

— எனக்கென்ன, நான் சுத்தமானவன், நாளைக்குப் பேத்தியத் தூக்கிக்குவேன். ஒரே தலகாணில படுக்குற நீங்க ரெண்டு பேரும்தான் வெளிய நிக்கணும்.