ஊத்தாத ஜின்

—வேண்டாம் தம்பி, நான் உக்கார வரல. நின்னபடியே சொல்லிட்டுப் போயிடுறேன்.

—திட்டுறதா இருந்தாலும் உக்காந்து திட்டலாம்க்கா. பார் திறக்க இன்னும் நேரம் கிடக்கு. நாற்காலியெல்லாம் மேஜை மேலதான் தலைகீழா நிக்குது. இருங்க, ஒண்ணை இறக்கித் தரேன்.

—திட்ட வந்தேன்னு யாரு சொன்னா?

—இத்தனை வருஷமா கவுண்டருக்கு உள்ள நிக்கிறேன்க்கா. வெயில் இருக்கும்போதே ஒரு வீட்டம்மா இந்த வாசப்படி ஏறினாங்கன்னா, அன்னைக்கு எனக்கு அர்ச்சனைதான். புருஷன் பேரைச் சொல்லி ஆரம்பிப்பாங்க, என் ஏழு தலைமுறையில முடிப்பாங்க.

—உன் ஏழு தலைமுறையை நானும் விட்டு வைக்கல. எதிர் வரிசையில தையல் மிஷின்ல உக்காந்துக்கிட்டு உன் கதவைப் பாத்துப் பாத்து வயிறு எரிஞ்சவ நான். உன்னைச் சபிக்காத நாள் கிடையாது, சொல்லிட்டேன் ஆமா.

—நியாயம்தானேக்கா.

—என்ன நியாயம்? பேசாம கேளு. இன்னைக்கு நான் உன்னைக் கும்பிட வந்திருக்கேன்.

—ஐயோ, கையைக் கீழ போடுங்கக்கா! என்ன இது, ஒரு நாளும் இல்லாத திருநாளா!

—அவர் கை நடுக்கம் நின்னுடுச்சு தம்பி.

—மாஸ்டர் கையா?

—வேற யார் கை? போன வருஷம் ஒரு மாப்பிள்ளைக் கோட்டுக்குத் துணி வெட்டினார். கோட்டுல ஒரு கை முழங்கைக்குக் கீழ வந்து நின்னுச்சு, இன்னொண்ணு விரலை மூடுச்சு. அந்த மாப்பிள்ளை கண்ணாடி முன்னால நின்ன கோலத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். கட்டிங் மாஸ்டர்னு ஊரே கூப்பிட்ட மனுஷன், அதுக்கப்புறம் கத்திரிக்கோலைத் தொடவே பயந்தார். நான்தான் வெட்டினேன், நான்தான் தைச்சேன், நான்தான் பொத்தானுக்குக் காஜா எடுத்தேன். அவர் இஸ்திரி போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார்.

—தெரியும்க்கா. இங்க டம்ளரையே ரெண்டு கையால பிடிச்சுத்தான் தூக்குவார்.

—இப்போ சாக்கட்டியால ஒரே இழுப்புல கோடு போடுறார். கத்திரி போற சத்தம் கேக்கணுமே, அப்படியே பட்டுத்துணி கிழியிற மாதிரி ஒரே சீரா. நேத்து அதைக் கேட்டுக்கிட்டே மிஷின்ல உக்காந்து அழுதேன். "ஏம்மா, ஊசி குத்திடுச்சா?"ங்கிறார். ஆமான்னுட்டேன்.

—ரொம்ப சந்தோஷம்க்கா. ஆனா அதுக்கு எனக்கு எதுக்குக் கும்பிடு?

—எல்லாம் உன் கதையாலதான். ஒரு டம்ளரை வாங்கி வச்சுக்கிட்டு நீ சொல்ற கதையைக் கேட்டுட்டு எந்திரிச்சு வந்துடுறாராமே. முன்னெல்லாம் எத்தனை டம்ளர்னு அவருக்கே தெரியாது. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே விழுவார். இப்போ நேரா அடுப்படிக்கு வந்து நின்னுக்கிட்டு எனக்குக் கதை சொல்றார்!

—என்ன கதை சொன்னார்?

—கப்பல்காரங்களுக்கு ரம்மு குடுப்பாங்களாம். அதுல தண்ணி கலந்துட்டாங்களோன்னு சந்தேகம் வந்தா, வெடிமருந்துல ஊத்திப் பத்த வச்சுப் பாப்பாங்களாம். பத்திக்கிட்டா நல்ல சரக்காம். இதைத் தீக்குச்சியைக் கிழிச்சு நடிச்சே காட்டினார். எனக்கு உயிர் போயிட்டு வந்துச்சு.

—அவர் நடிப்பாரா! இங்க அதிகம் பேசாம உக்காந்திருப்பாரே.

—அப்புறம், பீப்பாய்ல வருஷக்கணக்கா வச்சிருக்கிற விஸ்கி கொஞ்சம் கொஞ்சமா ஆவியாப் போகுமாமே, அது தேவதைங்க பங்காம். அதைச் சொன்ன நாள்ல இருந்து பானை மூடியைத் திறந்தாலே, "ஏம்மா, தேவதைக்குக் குடுத்தது போதும், எனக்குப் போடு"ங்கிறார். கல்யாணம் ஆன புதுசுல சிரிச்சவ நான். திரும்ப இப்பத்தான் சிரிக்கிறேன். இதுக்கு உனக்கு நான் என்ன செய்யப் போறேன், சொல்லு.

—அக்கா, நீங்க இவ்வளவு சொன்னதுக்கு அப்புறம் நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா எனக்குத் தூக்கம் வராது. நானே இன்னைக்கு உங்க கடைக்கு வரலாம்னு இருந்தேன். கதை என்னன்னா, நாளைக்கு நான் கிளம்புறேன்.

—எங்க கிளம்புற?

—வேற ஊர். பெரிய ஓட்டல் ஒண்ணுல வேலை. இங்க நாளையில இருந்து வேற ஒருத்தர் நிப்பார்.

—போயிட்டு நல்லா இரு தம்பி. அவருக்குத்தான் கதை இல்லாம என்னமோ போல இருக்கும். சரி, ஒரு டம்ளரைக் குடிச்சுட்டு வந்துடப் போறார்.

—அதுலதான் விஷயம் இருக்குக்கா. அந்த டம்ளர்ல ஜின் கிடையாது.

—என்னது?

—ஒரு சொட்டு கிடையாது. பல மாசமா கிடையாது.

—இரு, இரு. அவர் தினம் ஜின் குடிச்சுட்டு வரேன்னுதானே சொல்றார்?

—அவருக்கே தெரியாது. முதல்ல டம்ளருக்கு ரெண்டு பெக் ஒண்ணரை ஆச்சு. ஒண்ணரை ஒண்ணாச்சு. அப்புறம் அரை. ஜின்னைக் குறைக்கக் குறைக்கக் கதையைக் கூட்டினேன். காக்டெயில்னு ஏன் பேர் வந்துச்சுன்னு கேட்டார் ஒரு நாள். அதுக்கே ஆறேழு கதை இருக்கு, எது நிஜம்னு யாருக்கும் தெரியாது. ஒண்ணுல சேவல் வால், இன்னொண்ணுல குதிரை வால். அந்த வாலைப் பிடிச்சுக்கிட்டே ஒரு வாரம் ஓட்டிட்டேன். கதை முடியறப்போ டம்ளர்ல ஐஸ்கட்டி கரைஞ்சிருக்கும், அவரும் எந்திரிச்சுடுவார்.

—ஜின் இல்லாம எப்படிடா அவர் நாக்கை ஏமாத்தின? அது சாதாரண நாக்கா?

—ஜின்ல கலக்கிற டானிக் தண்ணியே கசப்புதான்க்கா. அதுல இருக்கிறது காய்ச்சல் மருந்து. அந்தக் காலத்துல சிப்பாய்ங்க கசப்புத் தாங்காம அதுல சர்க்கரை, எலுமிச்சை, ஜின்னுன்னு கலந்து முழுங்கினாங்கன்னு சொல்வாங்க. மருந்தை முழுங்கறதுக்காகச் சேத்த ஜின், கடைசியில மருந்தை ஓரங்கட்டிடுச்சு. நான் திருப்பி ஜின்னை ஓரங்கட்டிட்டேன், அவ்வளவுதான். அப்புறம் வாசனை. ஜின்னுக்கு வாசனையே ஜூனிப்பர்னு ஒரு காய்தான். அதை வெந்நீர்ல ஊறப் போட்டு வடிகட்டி, பன்னீர் தெளிக்கிற மாதிரி டம்ளர் மேல ஒரு தெளி. பில்லுலயும் டானிக் மட்டும்தான் போட்டேன். அவர் பில்லைப் பாக்கிறதே இல்லை.

—பாவி... கட்டின பொண்டாட்டி என்னாலயே முடியலையே. சண்டை போட்டேன், பட்டினி கிடந்தேன், அண்ணன் வீட்டுக்குப் போய் உக்காந்தேன். நீ யாருடா எங்களுக்கு? உனக்கு எதுக்கு இந்த வேலை?

—ஒரு நாள் மழையில குடையோட வாசல்ல நின்னீங்களே, ஞாபகம் இருக்கா? உள்ள வரவும் இல்ல, அவரைக் கூப்பிடவும் இல்ல. இன்னொரு குடையை மடக்கிக் கையில வச்சுக்கிட்டு நின்னீங்க. நான் இங்க அவருக்கு ஊத்திக்கிட்டு இருந்தேன். அன்னைக்கு என் கையில இருந்த பாட்டிலைப் பாக்க எனக்கே பிடிக்கல.

—அழ வைக்காதடா.

—நீங்கதான் என்னை அழ வைக்கிறீங்க. இந்தாங்க, எலுமிச்சைத் தண்ணி. குடிங்க. இதுலயும் ஒண்ணும் கலக்கல, பயப்படாதீங்க.

—நீ குடிக்க மாட்டியா தம்பி? சுத்தி இத்தனை பாட்டில் நிக்குதே.

—முன்னெல்லாம் உண்டுக்கா. பொய் சொல்வானேன், நல்லாவே உண்டு. இப்போ விட்டுப்போச்சு. நேரம் எங்க இருக்கு? கடை திறந்ததும் மாஸ்டர் வந்து உக்காந்துடுவார், ஒரு கதை முடிஞ்சா "அப்புறம்?"னு கேப்பார். அவர் எந்திரிச்சுப் போறதுக்குள்ள எனக்கு வாய் வத்திப் போயிடும்.

—நல்லா இருப்ப. இந்த நரைச்ச தலையோட சொல்றேன், நீ நல்லா இருப்ப. ஆனா தம்பி, நாளைக்கு வர்ற ஆள் நிஜ ஜின்னை ஊத்துவாரே!

—அதுக்குத்தான்க்கா உங்களைப் பாக்கணும்னு இருந்தேன். புது ஆள்கிட்டச் சொல்லிப் பாத்தேன். "கஸ்டமர் கேட்டதைக் குடுக்கிறதுதான் என் வேலை"ன்னுட்டார். அவர் சொல்றதும் தப்பில்ல.

—ஒரு வாய் போதும். அந்த ருசி உள்ள இறங்கினா பழைய ஆள் எந்திரிச்சு உக்காந்துடுவார். கத்திரி திரும்ப ஆணியில தொங்கும்.

—அப்போ மாஸ்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடலாமா?

—சொன்னா ரோஷம் வரும். "என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி ஏமாத்திட்டீங்களா"ன்னு அந்த வீம்புக்கே ஒரு பாட்டிலை வாங்கி வச்சுக்கிட்டு உக்காருவார். அவர் வீம்பு உனக்குத் தெரியாது.

—சொன்னாலும் ஆபத்து, சொல்லாட்டியும் ஆபத்து. இருதலைக் கொள்ளி எறும்பாயிட்டேன்க்கா நான்... அக்கா, கதவுப் பக்கம் பாருங்க, மாஸ்டர்.

—ஏம்மா! நீ இங்கயா? கடையில ஆளைக் காணோமேன்னு தேடினா, குடிக்க ஆரம்பிச்சுட்டியா?

—என்னங்க, இது எலுமிச்சைத் தண்ணிங்க!

—இந்தக் கடையில எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. சரி விடு. தம்பி, நாளைக்குக் கிளம்புறியாமே. உன் முதலாளி சொன்னார். நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.

—சொல்லத்தான் நினைச்சேன் மாஸ்டர். உங்க முகத்தைப் பாத்தா மனசு வரல. அதோட இன்னொண்ணும் சொல்லணும். நீங்க கோபப்படக் கூடாது.

—தம்பி, வேண்டாம். சொல்லாத.

—இல்லக்கா, சொல்லாம போனா நிம்மதி இருக்காது. மாஸ்டர், உங்க டம்ளர்ல...

—ஜின் இல்ல. அதானே?

—மாஸ்டர்!

—ஏன் ரெண்டு பேரும் வாயைப் பிளக்கிறீங்க? பாதியாக் குறைச்சப்பவே தெரியும். சுத்தமா நிறுத்தின அன்னைக்கும் தெரியும். வாசனையைத் தெளிச்சுட்டே, சரி. ஜின்னு தொண்டையில இறங்கும்போது ஒரு சூடு இறங்கும் பாரு, அந்தச் சூட்டை எதை வச்சுடா தெளிப்ப?

—தெரிஞ்சேவா இத்தனை மாசம் குடிச்சீங்க? என்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லலையேங்க!

—முதல் நாள் கோபம் வந்துச்சும்மா. டம்ளரைத் தூக்கி எறியணும்னு கூட வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். காசு குடுத்தா ஊத்துறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க. எனக்கு ஊத்தாம இருக்கிறதுக்கு இவ்வளவு மெனக்கெட்டவன் இவன் ஒருத்தன்தான். அந்த நன்றியிலயே எனக்குக் குடி மறந்துபோச்சு. இனிமே யார் ஊத்தினாலும் எனக்கு வேண்டாம். புது ஆள் ஜின்னு ஊத்தட்டும், அமிர்தமே ஊத்தட்டும், நான் இந்தப் படி ஏற மாட்டேன். நீ பயப்படாத.

—அப்பாடா... என் வயித்துல பாலை வாத்தீங்க.

—ஆனா மாஸ்டர், ஒண்ணு புரியல. ஜின் இல்லைன்னு தெரிஞ்சும் தினம் ஏன் வந்தீங்க? டானிக் தண்ணி உங்க கடையிலயே வச்சுக் குடிக்கலாமே.

—கதை கேக்கத்தான். வேற எதுக்கு? சரி விடு, அந்தப் பேச்சு இப்போ எதுக்கு. இந்தா, இந்தக் கோட்டைப் போட்டுப் பாரு. பெரிய ஓட்டல்ல நிக்கப் போறவன் அந்தப் பழைய கோட்டோட போகக் கூடாது.

—எனக்கா மாஸ்டர்?

—இது உனக்கா தம்பி? இதுக்குக் காஜா எடுத்ததே நான்தான்! யாருக்குங்கன்னு கேட்டேன். "ஒரு பெரிய மனுஷனுக்கு"ன்னார். தெரிஞ்சிருந்தா இன்னும் நெருக்கி எடுத்திருப்பேனே.

—தோள் அப்படியே உக்காருது. நீங்க எனக்கு அளவே எடுக்கலையே!

—தினம் எதிர்ல உக்காந்து பாக்கிறேன். டேப்பு எதுக்கு?

—அக்கா, நீங்க நன்றி சொன்னப்போ நான் பெரிசா எடுத்துக்கல. இப்போ என் முறை. என் ஆயுசுக்கும் இதைப் பத்திரமா... மாஸ்டர், உள்பாக்கெட் எங்க? இடது பக்கம் கை போடுறேன், துணி வழுக்கிக்கிட்டே போகுது.

—ஐயையோ, நானும் கவனிக்கலையே! என்னங்க, மறந்துட்டீங்களா? குடுங்க, அஞ்சு நிமிஷத்துல வச்சுக் குடுத்துடுறேன்.

—மறக்கலம்மா. இவனோட பழைய கோட்டு அந்தப் பக்கம் முன்னெல்லாம் ஒரு விரல் அளவு தொங்கும். உள்ள கால் பாட்டில் சரக்கு இருந்தா துணியை எவ்வளவு இழுக்கும்னு தையல்காரனுக்குத் தெரியாதா?

—மாஸ்டர்...

—கதை சொல்லும்போது மட்டும் உன் கை அந்தப் பாக்கெட்டுக்குப் போகாது தம்பி, அதான் தினம் வந்து எதிர்ல உக்காந்து "அப்புறம்? அப்புறம்?"னேன், புது ஊர்ல வந்து உக்கார என்னால முடியாது, அதான் பாக்கெட் வைக்கல.